தற்செயலை அளந்த பேராசிரியர்

நுழையும்முன்

பூவா தலையா போட்டுப் பார்க்காத சிறுவர் யார்? நாணயத்தைச் சுண்டுகிறோம். நான்கு முறை தொடர்ந்து தலையே விழுகிறது. அடுத்த முறை கட்டாயம் பூதான் விழும் என்று ஒருவர் கூறுவார். நாணயத்தில் ஏதோ சூது இருக்கிறது என்று மற்றொருவர் கூறுவார். இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டா? விளையாட்டில் இது சிறிய வினா. ஆற்றில் வெள்ளம் வரும்போதும், வயலில் விளைச்சல் குறையும்போதும் இதே வினா பல்லாயிரம் மக்களின் வாழ்வைத் தொடுகிறது. தற்செயல் எது, காரணம் எது என்று பிரித்தறிவதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட ஓர் அறிஞரின் வரலாற்றை இப்பாடத்தில் படிப்போம்.

இளமையும் கல்வியும்

பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் 1893ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரபோத சந்திரர்; தாயார் நிரோதபாசினி. சமூகச் சீர்திருத்தத்தைப் போற்றிய பிரம்ம சமாஜக் குடும்பம் அது. கல்வியும் கேள்வியும் நிறைந்த அவ்வீட்டில் அவர் வளர்ந்தார். பள்ளிக் கல்வியை 1908இல் முடித்துக்கொண்டு கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சகதீச சந்திர போசு, பிரபுல்ல சந்திர ராய் முதலிய பேரறிஞர்கள் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தனர். 1912இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். மேற்படிப்பிற்காக 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

தவறவிட்ட தொடர்வண்டி

இலண்டன் பல்கலைக்கழகத்தில் பயில்வதே அவருடைய எண்ணம். அதற்கு முன் ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கச் சென்றார். அங்குள்ள கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தின் அழகில் உள்ளம் பறிகொடுத்தார். இலண்டனுக்குத் திரும்பும் கடைசித் தொடர்வண்டி சென்றுவிட்டது. இரவில் தங்க இடமின்றி நண்பர் ஒருவரின் அறைக்குச் சென்றார். அங்கே கண்டத் என்னும் தென்னிந்திய மாணவரைச் சந்தித்தார். கிங்ஸ் கல்லூரியிலேயே சேர முயன்று பார்க்கலாமே என்று அவர் அறிவுரை கூறினார். மறுநாள் முயன்றார், இடம் கிடைத்தது. ஒரு வண்டியைத் தவறவிட்டதால் ஒரு வாழ்க்கையின் திசையே மாறியது. தற்செயலைப் பற்றிப் பின்னாளில் ஆழ்ந்து சிந்தித்தவரின் வாழ்வில் தற்செயலே முதல் கதவைத் திறந்து வைத்தது.

இராமானுசனின் நண்பர்

1914ஆம் ஆண்டு கணித மேதை இராமானுசன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த தமிழரும் கல்கத்தாவில் வளர்ந்த வங்காளியும் அயல்நாட்டில் நெருங்கிய நண்பர்களாயினர்.

ஒருநாள் இராமானுசனின் அறைக்கு மகாலனோபிஸ் சென்றார். குளிர் தாங்காமல் இரவில் மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு உறங்குவதாக இராமானுசன் தெரிவித்தார். மகாலனோபிஸ் படுக்கையை ஆராய்ந்தார். கம்பளிகள் பல இருந்தன. ஆனால் அவை மேல்விரிப்பின் கீழே மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்கவேண்டும் என்பது புதிதாய் வந்தவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகாலனோபிஸ் அதைச் செய்து காட்டினார். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குப் பெரிய உதவியைவிட இத்தகைய சிறிய உதவியே சில நேரங்களில் பெரிதாகத் தோன்றும்.

மற்றொரு நாள் இராமானுசன் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். மகாலனோபிஸ் ஓர் இதழில் வந்திருந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டின் இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூற்றுக்குள். அவ்வீட்டின் எண் என்ன? மகாலனோபிஸ் சில நிமிடங்களில் முயன்று விடையைக் கண்டிருந்தார். மொத்தம் 288 வீடுகள். அந்த வீட்டின் எண் 204. இராமானுசனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி, அப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் ஒரே விடையைக் கூறினார். ஒரு நிகழ்வைப் பார்ப்பது வேறு. அந்நிகழ்வு அடங்கிய முழுவதையும் பார்ப்பது வேறு. இந்த வேறுபாட்டை மகாலனோபிஸ் அன்று நேரில் கண்டார்.

நூலகத்தில் கிடைத்த துறை

1915இல் அவர் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார். முதல் உலகப்போர் நடந்த காலம் அது. தாயகம் திரும்பக் கப்பல் கிடைப்பதில் காலத்தாழ்வு ஏற்பட்டது. காத்திருந்த நாள்களைக் கல்லூரி நூலகத்தில் கழித்தார். அப்போது ஆசிரியர் மெக்காலே பயோமெட்ரிகா என்னும் புள்ளியியல் இதழை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கப்பலேறினார். பயணத்தின்போதே அவற்றைப் படிக்கத் தொடங்கினார். எண்களைக் கொண்டு உயிரினங்களையும் மக்களையும் இயற்கையையும் ஆராயலாம் என்னும் புதிய உலகம் அவர் கண்முன் விரிந்தது.

விடுமுறைக்காக வந்தவர் மீண்டும் கேம்பிரிட்ஜ் செல்லவில்லை. தாம் பயின்ற மாநிலக் கல்லூரியிலேயே இயற்பியல் ஆசிரியரானார். 1922இல் கல்கத்தாவின் அலிப்பூரில் உள்ள வானிலை ஆய்வகத்தின் பொறுப்பும் அவரிடம் வந்தது. மழையின் ஏடுகளை அவர் புரட்டத் தொடங்கினார்.

நாணயம் கற்பிக்கும் பாடம்

மழைக் கணக்கில் அவர் கண்டது என்ன என்பதை அறியுமுன், நாம் நாணயத்திடம் சிறிது பாடம் கேட்போம்.

ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, விழுந்ததை வரிசையாக எழுதுவதாகக் கொள்வோம். முதல் முறை இரண்டு வாய்ப்புகள். இரண்டாம் முறை சேர்ந்தால் நான்கு. மூன்றாம் முறை எட்டு. இவ்வாறு பத்து முறைக்கு 1024 வெவ்வேறு வரிசைகள் உண்டு. நாணயம் நேர்மையானதாயின் அவை அனைத்தும் சம வாய்ப்புடையவை. அவற்றுள் 846 வரிசைகளில், ஒரே பக்கம் மூன்று முறையேனும் தொடர்ந்து விழுந்திருக்கும். 476 வரிசைகளில், ஒரே பக்கம் நான்கு முறையேனும் தொடர்ந்து விழுந்திருக்கும். இது ஏறத்தாழ பாதி!

இவ்வளவு மிகுதியாக நேர்வது ஏன்? நான்கே முறை சுண்டினால், நான்கும் ஒரே பக்கமாக விழ எட்டில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு. ஆனால் பத்து முறை சுண்டும்போது, நான்கின் தொடர் முதல் சுண்டலில் தொடங்கலாம்; இரண்டாவதில் தொடங்கலாம்; இப்படி ஏழாவது வரை எங்கும் தொடங்கலாம். வாய்ப்பு ஒவ்வோர் இடத்திலும் சிறியதே. இடங்கள் பல இருப்பதால் மொத்த வாய்ப்பு பெருகிவிடுகிறது. நூறு முறை சுண்டினால், ஆறு முறையேனும் ஒரே பக்கம் தொடர்ந்து விழ ஏறத்தாழ 80 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

ஆகவே, தொடர்ந்து நான்கு தலை விழுந்ததைக் கண்டு நாணயத்தில் சூது என்று கூறுதல் பொருந்தாது. அடுத்தது பூதான் என்று கூறுவதும் பொருந்தாது. நாணயத்துக்கு நினைவு கிடையாது. முன்பு விழுந்ததை அது கணக்கு வைத்துக்கொள்வதில்லை. ஐந்தாம் முறையும் பூவுக்குப் பாதி வாய்ப்பு. தலைக்குப் பாதி வாய்ப்பு. மனித மனமோ தொடர்ச்சியைக் கண்டவுடன் அதற்குக் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறது. நாணயம் சுண்டாமல், சுண்டியதுபோல் எழுதச் சொன்னால் பலரும் பூவையும் தலையையும் மாற்றி மாற்றி எழுதுவர். நீண்ட தொடர் வந்தால் அது தற்செயல்போல் தோன்றாது என்று அஞ்சுவர். உண்மையில் தற்செயலின் அடையாளங்களுள் ஒன்று அத்தொடரே ஆகும்.

பிராமணி ஆற்று வெள்ளம்

1922இல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நீரைத் தேக்கிவைக்கப் பெருஞ்செலவில் நீர்த்தேக்கப் பரப்புகள் அமைக்கவேண்டும் என்று வல்லுநர்கள் கருதினர். மகாலனோபிஸ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் ஒப்பிட்டார். அத்திட்டம் பயன் தராது, வெள்ள நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார்.

1926இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டது, அதனாலேயே வெள்ளம் கரைபுரண்டது என்று பொறியாளர்கள் முடிவு செய்தனர். கரைகளைப் பல அடி உயர்த்தவேண்டும் என்றனர். பார்வைக்கு இது நியாயமான முடிவே. கண்ணெதிரே வெள்ளம், கைக்கெட்டிய ஒரு காரணம். மகாலனோபிஸ் அவசரப்படவில்லை. ஏறத்தாழ அறுபது ஆண்டு மழை அளவையும் ஆற்று நீர்மட்டத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். படுகை உயர்ந்திருந்தால், அதே அளவு மழைக்கு முன்னைவிட மிகுதியாக நீர்மட்டம் உயர்ந்திருக்கவேண்டும். அவ்வாறு உயரவில்லை. ஆற்றின் மேற்பகுதியில் பெய்த அளவுகடந்த மழையே வெள்ளத்துக்குக் காரணம் என்று அவர் கண்டார்.

இம்முடிவின் பயன் பெரிது. படுகை உயர்ந்தது என்று நம்பிக் கரையை மட்டும் உயர்த்தியிருந்தால், பெரும்பொருள் செலவாகியிருக்கும்; உயர்ந்த கரையை நம்பி அதன் அடியில் வாழும் மக்கள் ஏமாந்திருப்பர். மேற்பகுதியில் அணை கட்டி நீரைத் தேக்குவதே வழி என்று மகாலனோபிஸ் கூறினார். அவருடைய கணக்கீடுகள் பிற்காலத்தில் மகாநதியின் குறுக்கே ஈராகுட் அணையைத் திட்டமிட அடிப்படையாயின.

மழை நாணயத்தைப் போன்றதன்று. அதற்குப் பருவம் உண்டு. காற்றின் போக்கு உண்டு. மழைக்கும் காரணங்கள் உண்டு. ஆயினும் நாணயம் கற்பித்த பாடம் இங்கும் பொருந்தும். ஓரிரு நிகழ்வைக் கொண்டு காரணம் கூறலாகாது. நெடுங்காலக் கணக்கை வைத்தே கூறவேண்டும். கேரளத்தில் 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆகத்து மாதத்தில் வெள்ளம் வந்தது. இனி ஆண்டுதோறும் வெள்ளம்தான் என்று அஞ்சியவர் உண்டு. தற்செயலாக இருமுறை வந்தது, இனி வாராது என்று ஆறுதல் கொண்டவரும் உண்டு. இரண்டு ஆண்டுகளைமட்டும் பார்த்து இவற்றுள் எதையும் துணிந்து கூற முடியாது. பல பத்தாண்டு மழைக் கணக்கே அதற்குச் சான்று கூறவேண்டும்.

ஒரு பானைச் சோறு

தற்செயலுக்கு ஏமாறாமல் இருக்கக் கற்றவர், பின்பு அதனையே தமக்குத் துணையாக்கிக்கொண்டார். வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் விளைகிறது என்று அரசு அறிய விரும்பியது. வயல்களை ஒன்றுவிடாமல் அளப்பதென்றால் ஆளும் பொருளும் காலமும் ஏராளமாகத் தேவை. 1937இல் தொடங்கிய ஆய்வில், சில வயல்களைமட்டும் தேர்ந்தெடுத்து அளந்து முழுமையையும் மதிப்பிடும் கூறெடுப்பு முறையை மகாலனோபிஸ் வளர்த்தார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. ஆனால் எந்தச் சோற்றை எடுப்பது? கிளறாத பானையின் மேற்சோறு, மேற்பகுதியின் பதத்தைமட்டுமே கூறும். அதுபோல, வயலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆய்வாளரிடம் விட்டால், அவர் சாலையோர வயலையோ செழித்த வயலையோ நாடுவார். ஆகவே வயலைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தற்செயலிடமே ஒப்படைத்தார் மகாலனோபிஸ். நாணயம் சுண்டுவதுபோல், எந்த வயலுக்கும் சமமான வாய்ப்பு. யாருடைய விருப்பும் வெறுப்பும் அங்கே நுழைய முடியாது.

அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒரே பகுதியை இரண்டு தனித்தனிக் குழுக்கள், ஒன்றையொன்று அறியாமல், அளக்குமாறு செய்தார். இரண்டு விடைகளும் நெருங்கி இருந்தால் நம்பலாம். விலகி இருந்தால் எங்கோ பிழை என்று அறியலாம். அறுவடைச் சோதனையில் வெட்டும் பரப்பு மிகச் சிறியதாக இருந்தால், எல்லையில் நிற்கும் செடிகளையும் உள்ளே சேர்க்கும் மனப்போக்கினால் விளைச்சல் மிகையாகத் தோன்றும் என்பதையும் அவர் கண்டறிந்தார்.

எலப்புள்ளியிலும் அதைச் சூழ்ந்த பாலக்காட்டு நெல்வயல்களிலும் அறுவடைக் காலத்தில் அலுவலர்கள் சிறு சதுரம் அளந்து, அதில் விளைந்த நெல்லைமட்டும் அறுத்து எடை போடுவதை நீங்கள் கண்டிருக்கலாம். மாவட்டத்தின் விளைச்சலை அத்தகைய சிறு சதுரங்களிலிருந்தே மதிப்பிடுகின்றனர். அச்சதுரத்தை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. சமவாய்ப்பு எண்களே தேர்ந்தெடுக்கின்றன.

நாட்டுப்பணி

மாநிலக் கல்லூரியில் ஓர் அறையில் தொடங்கிய அவருடைய ஆய்வுக்கூடம், 1931ஆம் ஆண்டு திசம்பர் 17ஆம் நாள் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருப்பெற்றது. முதலாண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய் மட்டுமே. 1933இல் சங்க்யா என்னும் ஆய்விதழைத் தொடங்கினார். இரு மக்கட்குழுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்துள்ளன என்பதை அளக்க அவர் 1936இல் வகுத்த அளவை, இன்றும் உலகெங்கும் மகாலனோபிஸ் தொலைவு என்றே வழங்கப்படுகிறது. இளைஞர்களைத் தேடிச் சேர்ப்பதில் அவர் வல்லவர். இராச் சந்திர போசு, சமரேந்திரநாத் ராய், சி. ஆர். ராவ் முதலியோர் அவருடைய நிறுவனத்தில் உருவாகி உலகப் புகழ் பெற்றனர்.

1943இல் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அதன் பின்விளைவுகளை ஊர் ஊராகச் சென்று கணக்கிடும் ஆய்வையும் அவருடைய நிறுவனம் மேற்கொண்டது. பசித்தவரின் துயரை எண்ணால் ஆற்ற முடியாது. எனினும் எத்தனை குடும்பங்கள் நிலத்தை இழந்தன என்று அறியாமல் உதவியைச் சரியாக வழங்கவும் முடியாது.

1945இல் இலண்டன் அரசுக் கழகத்தின் உறுப்பினராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் 1950இல் தேசியக் கூறெடுப்பு ஆய்வு தொடங்கக் காரணமாக இருந்தார். மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வளவு செலவிடுகின்றனர் என்பதை இந்தியா அறியத் தொடங்கியது அதனால்தான். 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் அவர் வகுத்த கணக்கமைப்பை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறியும் அவருடைய நிறுவனத்திற்கே வந்து சேர்ந்தது. 1968இல் பத்மவிபூசண் விருது பெற்றார்.

1972ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள், தம் 79ஆம் பிறந்தநாளுக்கு ஒருநாள் முன்னர், அவர் இவ்வுலகை விட்டு மறைந்தார். அவர் பிறந்த சூன் 29ஆம் நாளை 2007ஆம் ஆண்டு முதல் தேசியப் புள்ளியியல் நாளாக நாடு கொண்டாடி வருகிறது.

தொடர்ந்து நேர்ந்த ஒன்றைக் கண்டு, ஒரு மனிதரைப் பற்றியோ ஓர் ஊரைப் பற்றியோ உடனே தீர்ப்பு வழங்குவது எளிது. கணக்கைக் கேட்டு, காலத்தைக் கேட்டு, பிறகு பேசுவது அரிது. அந்த அரிய பழக்கத்தை ஒரு நாட்டுக்கே கற்பித்தவர் மகாலனோபிஸ்.

சொல்லும் பொருளும்

கூறெடுப்பு – முழுமையிலிருந்து சிறு பகுதியை எடுத்து ஆராய்தல்
சமவாய்ப்பு – எல்லாவற்றுக்கும் ஒரே அளவான வாய்ப்பு
படுகை – ஆற்றின் அடித்தளம்
மிகை – உள்ளதைவிடக் கூடுதல்
பதம் – வெந்த பக்குவம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மகாலனோபிஸ் கிங்ஸ் கல்லூரியில் சேர நேர்ந்தது எவ்வாறு?
2. நாணயத்துக்கு நினைவு கிடையாது என்பதன் பொருள் யாது?
3. வயலைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆய்வாளரிடம் ஏன் விடலாகாது?

ஆ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. பிராமணி ஆற்றின் படுகை உயரவில்லை என்பதை மகாலனோபிஸ் எவ்வாறு கண்டறிந்தார்?
2. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது? உம் கருத்தை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
நெடுங்காலம், பெருவெள்ளம், தற்செயலிடம், பேரறிஞர்

ஈ. செய்து பார்ப்போம்.
வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி, விழுந்ததைப் பூ, தலை என வரிசையாக எழுதுக. ஒரே பக்கம் நான்கு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து விழுந்தது எத்தனை பேருக்கு? முப்பது பேர் இருந்தால் ஏறத்தாழ பதினான்கு பேருக்கு அவ்வாறு விழும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் வகுப்பின் எண்ணிக்கை அதற்கு எவ்வளவு நெருங்கி வந்தது? விலகி வந்தால், மறுநாளும் செய்து இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்க.